காந்தச் சுவர் மீக்கடத்திக்குப் பகையா, புகலிடமா?

கோலார் தங்கவயலுக்கு 1902 ஜூனில் மின்சாரம் வந்து சேர்ந்தது. காவிரி விழும் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பிகளின் வழியே வந்த மின்சாரம் அது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்றாக இருந்த அந்தப் பாதை நெடுகிலும் கம்பிகள் சூடேறின; புறப்பட்ட மின்னாற்றலில் ஒரு பங்கு வெப்பமாகக் காற்றில் கலந்தது. மின்தடை இருக்கும்வரை இந்த இழப்பும் இருக்கும். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1911இல், நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஒன்னஸ் பாதரசத்தை ஏறத்தாழ 4.2 கெல்வின்வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. இழப்பே இல்லாத கடத்தல், அதாவது மீக்கடத்தல், இருக்கிறது என்று உலகம் அன்று அறிந்தது.

இழப்பற்ற கடத்தல் தந்த நம்பிக்கைக்கு முதல் அடி காந்தத்திடமிருந்து விழுந்தது. ஒன்னஸ் சில ஆண்டுகளிலேயே ஈயக் கம்பியைச் சுருட்டிக் காந்தம் செய்யப் பார்த்தார். வலுக்குறைந்த காந்தப்புலத்துக்கே மீக்கடத்தல் அழிந்துபோனது. காந்தம் வந்தால் மீக்கடத்தல் போகும் என்ற பாடம் அன்று பதிந்தது. ஆனால் எல்லாக் காந்தமும் எல்லா இடத்திலும் ஒரே வகையாகத்தான் பகை பாராட்டுகிறதா? குறிப்பாக, காந்தப் பொருளுக்குள் திசை மாறும் எல்லைகளில் என்ன நடக்கிறது? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த விடைகளையும், அவற்றின் வலுவையும் குறைகளையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

சுவர் என்பது எது?

ஓர் இரும்புத் துண்டுக்குள் கோடானுகோடி அணுக் காந்தங்கள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே திசையில் நின்றால் அந்தத் துண்டு எப்போதும் வலிமையான காந்தமாக இருக்க வேண்டும்; ஆனால் அப்படி இருப்பதில்லை. 1907இல் பியர் வைஸ் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பொருள் பல கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கூறுக்குள்ளும் அணுக் காந்தங்கள் ஒரே திசையில் நிற்கின்றன. அடுத்த கூறில் வேறு திசையில் நிற்கின்றன. வயல்களுக்கு இடையே வரப்பு இருப்பதுபோல் இந்தக் கூறுகளுக்கு இடையே ஒரு மெல்லிய எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் காந்தத் திசை சட்டென்று புரளாமல் படிப்படியாகத் திரும்புகிறது என்பதை 1932இல் ஃபெலிக்ஸ் ப்ளாக் காட்டினார். இதைத்தான் காந்தச் சுவர் என்கிறோம். பொருளைப் பொறுத்து அதன் தடிமன் சில நானோமீட்டரிலிருந்து நூற்றுக்கணக்கான நானோமீட்டர்வரை இருக்கலாம்.

பகை இரண்டு வழிகளில் வருகிறது

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து செல்கின்றன. கூப்பர் இணை எனப்படும் இந்தச் சோடியில் பெரும்பாலும் ஒன்றின் தற்சுழற்சி மேல்நோக்கியும் மற்றதன் தற்சுழற்சி கீழ்நோக்கியும் இருக்கும். காந்தம் இந்தச் சோடியை இரண்டு வழிகளில் பிரிக்கிறது.

முதல் வழியை 1956இல் கின்ஸ்பர்க் கணக்கிட்டார். காந்தத்திலிருந்து கிளம்பும் புலம் எலக்ட்ரான்களின் பாதையை வளைத்து இணையைச் சிதைக்கிறது. இதைப் புலவழிப் பகை எனலாம். இரண்டாவது வழி இன்னும் நெருக்கமானது. காந்த அணுக்கள் தம் அருகே வரும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை எல்லாம் ஒரே பக்கம் திருப்ப முயல்கின்றன. எதிரெதிராக நிற்பதால் உயிர்வாழும் சோடிக்கு இது கேடு. இதைப் பரிமாற்றப் பகை எனலாம். மத்தியாஸ், சூல், கோரன்ஸ்விட் ஆகியோர் 1958இல் லாந்தனத்தில் காடோலினியத்தைக் கலந்து பார்த்தபோது, ஏறத்தாழ 1 சதவீதக் கலப்பே மீக்கடத்தலை அடியோடு ஒடுக்கப் போதுமானதாக இருந்தது. இந்த அழிவுக்கான கோட்பாட்டை 1960இல் அப்ரிகோசோவும் கோர்கோவும் வகுத்தார்கள்.

காந்தச் சுவர் பற்றிய எல்லா விவாதமும் இந்த இரண்டு வழிகளைச் சுற்றியே சுழல்கிறது. சுவரோரத்தில் எந்தப் பகை தணிகிறது, எந்தப் பகை கூடுகிறது என்று பிரித்துச் சொல்ல முடிந்த ஆய்வுகள் நிலைத்தன. பிரித்துச் சொல்ல முடியாதவை இன்றும் வாதத்துக்கு உரியவையாகவே இருக்கின்றன.

முதல் நிலைப்பாடு: சுவர் ஒரு புகலிடம்

மத்தியாசும் சூலும் 1960இல் ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார்கள். கூறின் நடுவே காந்தம் ஒரே திசையில் நிற்பதால் அங்கே கூப்பர் இணை பிழைக்காது. சுவருக்குள் திசை திரும்பிக்கொண்டே இருப்பதால், இணையின் பரப்புக்குள் பல திசைகள் சராசரியாகி ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். ஆகவே மீக்கடத்தல் சுவருக்குள் மட்டும் பிழைக்கலாம் என்றார்கள். 1980களில் புஸ்தினும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தக் கருத்துக்குக் கணித வடிவம் தந்து, சுவரோரத்தில் ஒட்டிக்கொள்ளும் மீக்கடத்தல் எந்த நிலைகளில் எழும் என்று ஆராய்ந்தார்கள்.

இதற்கு ஒரு குறை உண்டு. சராசரியாதல் நடக்க வேண்டுமானால் கூப்பர் இணையின் அளவு சுவரின் தடிமனோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும். பல காந்தங்களில் சுவர் அதைவிடத் தடித்தது. அந்த நிலையில் இணை சுவரின் ஒரு சிறு பகுதியை மட்டுமே உணரும். அங்கே காந்தம் ஏறத்தாழ ஒரே திசையில்தான் நிற்கும்.

புகலிடம் என்ற கருத்துக்கு உறுதியான சான்று வேறொரு வழியில் வந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மோஷ்சால்கோவ் குழுவினர் 2004இல் பேரியம் ஃபெரைட் என்ற காந்தப் படிகத்தின்மேல் நியோபியம் படலத்தைப் படியவைத்தார்கள். இந்தப் படிகத்தின் கூறுகளில் காந்தத் திசை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கும். ஒரு கூறின்மேல் புலம் மேலே எழுகிறது. அடுத்ததன்மேல் கீழே இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் சுவருக்கு நேர்மேலே செங்குத்துப் புலம் பூச்சியமாகிறது. மழையில் நனையாத ஒரு கோடு கிடைத்ததுபோல், அந்தக் கோட்டில் மீக்கடத்தல் முதலில் தோன்றியது. வெளியிலிருந்து ஒரு புலத்தைக் கொடுத்தபோது, எதிர்த்திசையில் நிற்கும் கூறுகளின் புலம் ஈடுகட்டப்பட்டு, மீக்கடத்தல் சுவரைவிட்டு அந்தக் கூறுகளின் மேல் நகர்ந்தது. 2006இல் லேசர் ஒளிக்கற்றையால் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் தடவிப் பார்த்த ஆய்வு இந்த இடமாற்றத்தை நேரடியாகவே காட்டியது.

ஆனாலும் எல்லாச் சுவரும் இப்படிப் புகல் தருவதில்லை. பெர்மலாய் என்ற நிக்கல்-இரும்புக் கலவை போன்றவற்றின் படலங்களில் கூறுகளின் காந்தத் திசை படலத்தின் தளத்திலேயே படுத்திருக்கும். அவற்றின் சில சுவர்களில் திசை தளத்தைவிட்டு மேலே எழும்பும். அப்போது கூறின்மேல் புலம் மிகக் குறைவாகவும், சுவரின்மேல் அதிகமாகவும் இருக்கும். ஒரு பொருளில் காக்கும் சுவர் மற்றொன்றில் கெடுக்கிறது. சுவர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதே பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: சுவர் ஒரு முளை

மீக்கடத்தி காந்தப்புலத்தை முழுவதும் வெளியே தள்ளும் என்று 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டார்கள். ஆனால் இரண்டாம் வகை மீக்கடத்திகளில், புலம் ஓரளவுக்கு மேல் போனால் மெல்லிய இழைகளாக உள்ளே நுழையும் என்று 1957இல் அப்ரிகோசோவ் காட்டினார். ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மின்னோட்டம் சுழல்வதால் அதைச் சுழல் என்கிறோம். மின்னோட்டம் செலுத்தினால் சுழல்கள் நகரத் தொடங்கும்; நகர்ந்தால் மின்தடை திரும்ப வந்துவிடும். ஆகவே சுழல்களை, மாட்டை முளையில் கட்டுவதுபோல், ஓர் இடத்தில் கட்டிப்போட வேண்டும். மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவியின் நியோபியம்-டைட்டேனியம் கம்பி வேலைசெய்வது இப்படிக் கட்டிப்போடும் குறைபாடுகள் அதற்குள் வேண்டுமென்றே உருவாக்கப்பட்டிருப்பதால்தான். காந்தச் சுவரும் அத்தகைய முளையாக அமையுமா என்பது இரண்டாம் நிலைப்பாட்டின் கேள்வி.

இங்கே இந்தியாவின் பங்கு பெரியது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இட்ரியம்-நிக்கல்-போரான் கலவை ஒன்றை ஆராய்ந்தவர்கள் 12 கெல்வின் அருகே மீக்கடத்தலின் மெல்லிய அறிகுறியை 1993இல் கண்டார்கள். மாதிரியின் மிகச் சிறிய பங்கே மீக்கடத்தியது. மாசு என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு அது. அவர்கள் ஒதுக்கவில்லை, அறிகுறியின் வேரைத் தேடிப் போய்க் கார்பன்தான் தேவையான நான்காவது தனிமம் என்று கண்டார்கள். ஆர். நாகராஜன், சந்தன் மஜும்தார், ஜாகிர் ஹுசைன், எஸ். கே. தர், எல். சி. குப்தா, ஆர். விஜயராகவன் உள்ளிட்டோரின் கட்டுரை 1994 தொடக்கத்தில் வெளியானது. அதே வேளையில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் கேவா குழுவினரும் இதே குடும்பத்துச் சேர்மங்களை அறிவித்தார்கள். போரோகார்பைடு என்ற இந்தக் குடும்பம் அடுக்கு அமைப்புக் கொண்டது: அருமண் தனிமமும் கார்பனும் சேர்ந்த ஓர் அடுக்கு, நிக்கலும் போரானும் சேர்ந்த ஓர் அடுக்கு என்று மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும்.

இட்ரியத்தின் இடத்தில் காந்தத் தன்மை கொண்ட எர்பியத்தை வைத்தால் கதை விறுவிறுப்பாகிறது. ஏறத்தாழ 11 கெல்வினில் இந்தச் சேர்மம் மீக்கடத்தியாகிறது. 6 கெல்வின் அருகே எர்பிய அணுக் காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஒழுங்குபெறுகின்றன. மீக்கடத்தல் அப்போதும் அழிவதில்லை. 2.3 கெல்வினுக்குக் கீழே, அணுக் காந்தங்கள் ஒரே திசையில் நிற்கும் ஃபெர்ரோ காந்தமும் வலுக்குறைந்த அளவில் தோன்றுகிறது; அப்போதும் அழிவதில்லை. 1977இல் கண்டறியப்பட்ட எர்பியம்-ரோடியம்-போரைடு இதற்கு நேர்மாறு: 8.7 கெல்வினில் பெற்ற மீக்கடத்தலை ஃபெர்ரோ காந்தம் வந்ததும் 0.9 கெல்வின் அருகே அது இழந்துவிடுகிறது. இரு பகைவரும் ஒரே கூரைக்குள் பல கெல்வின் இடைவெளியில் சேர்ந்து வாழும் போரோகார்பைடு, சுவரின் வேலையைப் பார்க்கக் கிடைத்த அரிய ஆய்வுக்களம்.

அதைப் பார்த்த முறையும் நயமானது. குளிர்ந்த படிகத்தின்மேல் மிக நுண்ணிய காந்தத் துகள்களைப் புகைபோலப் படியவிடுவார்கள். சுழல் எங்கே மேற்பரப்பைத் துளைத்து வெளிவருகிறதோ அங்கே துகள்கள் ஈர்க்கப்பட்டுக் குவியும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு சுழலுக்கும் ஒரு புள்ளி வைத்த கோலம்போல் படிகம் தெரியும். எர்பியப் போரோகார்பைடில் இந்தப் புள்ளிகள் சீராகப் பரவியிருக்கவில்லை. காந்த ஒழுங்கு வந்த பிறகு அவை நேர்க்கோடுகளில் வரிசைகட்டின. 2000களில் வின்னிகோவ் குழுவினர் செய்த இத்தகைய ஆய்வுகள் அந்தக் கோடுகளைக் காந்தச் சுவர்களாக அடையாளம் கண்டன. காந்த ஒழுங்கு படிகத்தையே ஒரு திசையில் சிறிதளவு நீட்டுவதால் உண்டாகும் இரட்டைப் படிக எல்லைகள் இவை. ஃபெர்ரோ காந்தம் தோன்றும் 2.3 கெல்வினுக்குக் கீழே, சுழல் நகராமல் தாங்கக்கூடிய மின்னோட்டம் கூடுவதாக 2000இல் காமலும் சக ஆய்வாளர்களும் அறிவித்தார்கள்.

இந்த நிலைப்பாட்டின் குறை என்ன? சுவரில் காந்தம் மட்டும் மாறுவதில்லை. படிக அமைப்பும் சற்றே திரிகிறது. சுழலைக் கட்டிப்போடுவது காந்தமா, படிகத் திரிபா என்று பிரிப்பது கடினம். சுவர்கள் அடர்ந்து ஒரே திசையில் ஓடினால் சுழல்கள் சுவரைக் கடக்க முடியாமல் நிற்கலாம். ஆனால் சுவரை ஒட்டியே வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் எளிதாக நழுவவும் கூடும். முளையே பாதையாகிவிடும் இந்த வாய்ப்பை மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் நிலைப்பாடு: சுவர் ஒரு பாலம்

வலிமையான ஃபெர்ரோ காந்தத்துக்குள் சாதாரணக் கூப்பர் இணை சில நானோமீட்டர் தூரமே தாக்குப்பிடிக்கும். பெர்கெரெட், வோல்கோவ், எஃபெடோவ் மூவரும் 2001இல் ஒரு புதிய வழியைச் சொன்னார்கள். மீக்கடத்தியும் காந்தமும் தொடும் இடத்தில் காந்தத் திசை சுவரில் திரும்புவதுபோல் திரும்பினால், எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இணைகளில் ஒரு பங்கு, ஒரே பக்கம் தற்சுழலும் இணைகளாக மாறும். ஒரே பக்கம் சுழலும் சோடியைக் காந்தத்தின் பரிமாற்றப் பகை பிரிக்காது. அவை காந்தத்துக்குள் வெகுதூரம் செல்லும். அப்படியானால் சுவர் என்பது மீக்கடத்தலைக் காந்தத்துக்குள் அழைத்துச் செல்லும் பாலம்.

சான்றுகள் அடுத்தடுத்து வந்தன. 2006இல் கெய்சர் குழுவினர் குரோமியம் டை ஆக்சைடு வழியே மீக்கடத்து மின்னோட்டம் நெடுந்தூரம் பாய்வதைக் கண்டார்கள். 2010இல் கேம்பிரிட்ஜில் ராபின்சன் குழுவினர், இயல்பாகவே சுருள்போல் திரும்பும் காந்தத் திசை கொண்ட ஹோல்மியத்தைக் கோபால்ட்டோடு அடுக்கிச் சோதித்தார்கள். இணைகள் உருமாறுவதற்கான வலுவான ஆதாரம் கிடைத்தது.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை திசைகளைத் திட்டமிட்டு அமைத்த அடுக்குகள். தானாக உருவாகும் இயற்கைச் சுவரும் இதே வேலையை அதே அளவில் செய்கிறதா என்பதற்கான சான்று இவ்வளவு உறுதியாக இல்லை. சுவரின் வழியே மின்னோட்டம் கூடினால் பரிமாற்றப் பகை சராசரியில் தணிந்ததும் காரணமாகலாம், இணைகள் உருமாறியதும் காரணமாகலாம். காந்த அடுக்கின் தடிமனைப் படிப்படியாகக் கூட்டி, மின்னோட்டம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

மீக்கடத்தி சுவரை மாற்றுமா?

கேள்வியைத் திருப்பியும் கேட்கலாம். ஆண்டர்சனும் சூலும் 1959இலேயே இப்படிக் கேட்டார்கள். மீக்கடத்தல் வலுவாக இருந்தால் ஃபெர்ரோ காந்தம் ஒரே திசையில் விரிய இயலாமல் நுண்ணிய கூறுகளாக நொறுங்கும் என்று கணித்தார்கள். இந்தக் கணிப்பின் சாயல் அண்மையில் ஓர் அடுக்குப் பொருளில் தெரிந்தது. யூரோப்பியம் அடுக்குகளும் இரும்பு-ஆர்செனிக் அடுக்குகளும் மாறிமாறி வரும் சேர்மத்தில், ஆர்செனிக்கின் ஒரு பங்கைப் பாஸ்பரசால் மாற்றினால், ஏறத்தாழ 24 கெல்வினில் மீக்கடத்தலும் 19 கெல்வினில் ஃபெர்ரோ காந்தமும் வருகின்றன. 2018இல் ஸ்டோல்யாரோவ் குழுவினர் காந்த விசை நுண்ணோக்கியால் இதைப் பார்த்தபோது, ஃபெர்ரோ காந்தம் தோன்றியவுடன் கூறுகள் மிக ஒடுங்கிய வரிகளாக இருந்தன. மேலும் குளிர்ந்தபோது சுழல்களும் எதிர்ச்சுழல்களும் தாமாகவே பிறந்தன. இங்கே சுவரின் இடத்தையும் நெருக்கத்தையும் தீர்மானிப்பதில் மீக்கடத்தலுக்கும் கையிருக்கிறது.

சலித்தெடுக்கும் பணி

இவ்வளவு ஆய்வுகளுக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. மின்தடையை மட்டும் அளந்தால், மாதிரியின் ஊடே எங்கோ ஒரு மெல்லிய பாதை மீக்கடத்தினாலே தடை பூச்சியம் என்று காட்டும். பாதை சுவரில் ஓடியதா, விளிம்பில் ஓடியதா, ஏதோ மாசில் ஓடியதா என்று அந்த எண் சொல்லாது. 2004இல் நியோபியம்-பெர்மலாய் அடுக்குகளில் ருசானோவ் குழுவினர், கூறுகள் கலைந்திருக்கும்போது மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை மில்லிகெல்வின் கணக்கில் உயர்வதைக் கண்டு, சுவர்களில் பரிமாற்றப் பகை தணிவதாக விளக்கினார்கள். இதைப் போன்ற அடுக்குகளில் சுவரிலிருந்து கசியும் புலமே நேர்மாறான விளைவைத் தரக்கூடும் என்று பின்வந்த ஆய்வுகள் எச்சரித்தன.

கோலார் தங்கவயல் இதற்கு ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. போரோகார்பைடைக் கண்ட அதே டாட்டா நிறுவனத்தின் இயற்பியலாளர்கள், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரோடும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடும் சேர்ந்து, கோலார் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை 1965இல் அங்கே கண்டார்கள். மேலே மழையாகப் பொழியும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிட்டதால்தான் அந்த மெல்லிய தடயம் தெரிந்தது. காந்தச் சுவர் ஆய்வில் பாறையின் வேலையைச் செய்வது, காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் நடுவே வைக்கும் மெல்லிய காப்புப் படலம். எலக்ட்ரான்கள் அதைக் கடக்காததால் பரிமாற்றப் பகை நின்றுபோகும். காந்தப்புலம் மட்டும் கடந்து வரும். படலம் உள்ள மாதிரியையும் இல்லாத மாதிரியையும் ஒப்பிட்டால் எந்தப் பகையின் வேலை எது என்று சலித்தெடுக்கலாம். செயற்கை அடுக்குகளில் இந்தச் சல்லடை உண்டு. போரோகார்பைடு போன்ற இயற்கை அடுக்குப் படிகத்துக்குள் காப்புப் படலத்தை நுழைக்க வழியில்லை. அங்கே நுண்படமெடுப்பே துணை. மிக நலிந்த காந்தப்புலத்தையும் உணரும் ஸ்குவிட் உணரிகளைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் நெடுங்காலமாக உருவாக்கி வருகிறது. அந்தத் திறமை இந்தக் கேள்விக்கும் பயன்படத் தக்கது.

எது முடிந்தது, எது மீதி?

இதுவரையிலான சான்றுகளை எடைபோட்டால் நான்கு முடிவுகளுக்கு வரலாம்.

ஒன்று, செங்குத்துக் காந்தக் கூறுகள் கொண்ட அடுக்குகளில் சுவருக்கு மேலே மீக்கடத்தல் புகலடைகிறது என்பது உறுதியாகிவிட்டது. காரணம் புலம் தணிவதே. இரண்டு, காந்த ஒழுங்கோடு வரும் சுவர்களில் சுழல்கள் சேர்கின்றன என்பதும் கண்ணால் கண்ட செய்தி. காந்தத்தின் பங்கும் படிகத் திரிபின் பங்கும் எவ்வளவு என்பது தீரவில்லை. மூன்று, திசை திரும்பும் காந்தம் கூப்பர் இணையை உருமாற்றும் என்பது திட்டமிட்ட அடுக்குகளில் ஏற்கத்தக்கது. இயற்கைச் சுவரைப் பொறுத்தவரை அது இன்னும் சாத்தியம் என்ற நிலையிலேயே நிற்கிறது. நான்கு, மத்தியாசும் சூலும் 1960இல் சொன்ன மூலக் கருத்தை, அதாவது சுவருக்குள்ளேயே பரிமாற்றப் பகை சராசரியாகி மீக்கடத்தல் பிறப்பதை, புலத்தின் விளைவிலிருந்து ஐயமின்றிப் பிரித்துக்காட்டும் சோதனைக்கான தேவை இன்றும் இருக்கிறது.

2025இல் நான்கு, ஐந்து அடுக்குக் கிராஃபீனில் காந்தத் தன்மையின் அறிகுறியோடு சேர்ந்த மீக்கடத்தல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே மீக்கடத்தலும் காந்தமும் ஒரே எலக்ட்ரான்களிலிருந்து பிறப்பதாகத் தோன்றுகிறது. அப்படியானால் சுவரின் இருபுறமும் மீக்கடத்தலே எதிரெதிர்த் திசைகளில் சுழலக்கூடும்; பகை, புகலிடம் என்ற பழைய சொற்களும் போதாமற்போகலாம். புதிய பொருள் வரும்போதெல்லாம் பழைய முடிவை அப்படியே எடுத்துவைக்காமல், எந்த வழியில் காந்தம் செயல்படுகிறது என்று முதலில் பிரித்துப் பார்ப்பதே இந்த அறுபது ஆண்டு விவாதம் நமக்குத் தரும் உறுதியான பாடம். அந்தப் பிரிப்பைச் செய்யாத எந்தக் கூற்றையும், அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், முடிந்த முடிவாக ஏற்க வேண்டியதில்லை.